பிசிறைத் தட்டிவிடாதீர்கள்

பாட்டி வீட்டு ஊஞ்சல் பலகை வேங்கை மரம். 5 அடி நீளம், 20 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். வீட்டை விற்றபோது பித்தளையும் வெண்கலமும் பங்கு பிரிந்தன. பலகையை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டு வாங்கி, வாடகை வண்டியில் தென்காசிக்குக் கொண்டுவந்தேன். பூசிப் பூசிக் கறுத்துப்போன வார்னிஷைச் சுரண்டி எடுத்து ஈரத்துணியால் துடைத்தபோது துணி மஞ்சள் பழுப்பாக மாறியது. வேங்கைக்கே உரிய சாயம் அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மரத்தில் அது மிச்சமிருந்ததைப் பார்த்து எனக்குப் பெரிய சந்தோஷம்.

சந்தோஷம் இழைப்புளியை எடுக்கும் வரைதான். ஒரு திசையில் தள்ளினால் ஒரு கை அகலத்துக்குப் பட்டாக வருகிறது. அடுத்த கை அகலத்தில் செதில் செதிலாகப் பிய்கிறது. பலகையைத் திருப்பிப்போட்டு எதிர்த்திசையில் தள்ளினால், முன்பு பட்டாக வந்த இடம் பிய்கிறது. உளியைத் தீட்டிப் பார்த்தேன். உளி வெளியே எட்டிப் பார்க்கும் வாயைக் குறுக்கிப் பார்த்தேன். ஓரளவுக்குக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. வேங்கையின் இயல்பு அப்படி. மரம் வளரும்போது நார்கள் சில காலம் வலப்புறமாகத் திருகிக்கொண்டு ஏறுகின்றன, பிறகு சில காலம் இடப்புறமாகத் திருகுகின்றன. அறுத்த பலகையில் அந்த அடுக்குகள் பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிராகப் படுத்திருக்கும். எந்தத் திசையில் இழைத்தாலும் பாதி மரத்துக்கு நாம் எதிரிதான். வேம்பிலும் பலாவிலும் இதே தொல்லை உண்டு.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமே என்று கேட்பார்கள். தேய்க்கலாம். ஆனால் என் மனைவிக்கு இளைப்பு உண்டு. பட்டறை என்று நான் சொல்லிக்கொள்வது எங்கள் வீட்டுப் பின்கட்டு. அங்கே உப்புத்தாள் தேய்த்தால் மாவு போன்ற தூள் சமையலறை வரைக்கும் போய்ப் படியும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மரவேலை எனக்கு ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்காக வீட்டிலுள்ளவர்களின் மூச்சைக் கெடுக்க மனம் வரவில்லை.

அடுத்த தெருவில் ஒரு முதிய ஆசாரி இருக்கிறார். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். கண்பார்வை மங்கியதால் இப்போது வேலைக்குப் போவதில்லை. பலகையின் மேல் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உடைந்த கண்ணாடிச் சில்லு இருக்கிறதா சார்?" என்று கேட்டார். அவர் காலத்தில் நிலையும் கதவும் இழைத்து முடித்த பிறகு, பிய்ந்த இடங்களைச் சன்னல் கண்ணாடிச் சில்லால் வழித்துத்தான் வழவழப்பாக்குவார்களாம். ஒரு சில்லை எடுத்து அவரே செய்து காட்டினார். செதில் பிய்ந்திருந்த இடத்தில் நான்கைந்து இழுப்பு. மெல்லிய சுருள்கள் வந்தன. தூள் இல்லை. ஆனால் சில நிமிடங்களில் சில்லு மழுங்கிவிட்டது. அடுத்த சில்லில் என் விரலிலும் வெட்டுப்பட்டது.

கண்ணாடி செய்ததை எஃகுத் தகடு செய்யும். சுரண்டு தகடு என்று அதைச் சொல்லலாம். கைப்பிடி இல்லை, திருகு இல்லை, அசையும் பாகம் எதுவும் இல்லை. உள்ளங்கை அளவுக்கு ஒரு செவ்வகம், அவ்வளவுதான். கடையில் வாங்கலாம். எனக்கு அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

முதலில் ஒடிந்த ஹாக்ஸா பிளேடில் முயன்றேன். அரை அங்குல அகலத்தில் பிடிக்கவே இடமில்லை. பத்து இழுப்பில் கட்டை விரல் சுட்டது. பிறகுதான் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். துருப்பிடித்த கைரம்பம் ஒன்று, 26 அங்குலம், 80 ரூபாய். வாங்கும்போது பல்லைப் பார்த்து வாங்குங்கள். இப்போது வரும் ரம்பங்களில் பல் நுனி மட்டும் கருநீலமாக இருக்கும். அங்கே மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள், அரம் பிடிக்காது. தகட்டின் நடுப்பகுதி அதிலும் பயன்படும். ஆனால் முப்பட்டை அரத்தால் ராவித் தீட்டிய பழைய ரம்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வில்போல வளைத்து விட்டால் நிமிர வேண்டும். அதுதான் சோதனை. வெர்னியர் அளவுகருவி வைத்துப் பார்த்தேன், 0.8 மி.மீ. கனம். சுரண்டு தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கனம் இல்லை. ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் விரலால் வளைப்பது கடினம். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சீக்கிரம் சூடேறும், கையில் துடிக்கும்.

ரம்ப எஃகு ஏன் இதற்கு ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு தகடுகளில் முயன்று ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் ரம்ப எஃகின் கடினம் 50-ஐ ஒட்டி இருக்கும். நல்ல அரம் 60-ஐத் தாண்டும். ஆகவே அரம் அதை ராவும். மெருகேற்றிய கடின எஃகுக் கம்பியால் அழுத்தினால் விளிம்பு ஒடியாமல் நகர்ந்து, மரத்தைப் பிடிக்கும் சின்னக் கொக்கியாக மடங்கிக் கொடுக்கும். தகரம் போல மென்மையாக இருந்தால் விளிம்பு நகரும், ஆனால் நிற்காது. உளி போலக் கடினமாக இருந்தால் நகரவே நகராது, நொறுங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது ரம்பம்.

வெட்டியதில் ஒரு பிழை செய்தேன். கிரைண்டரில் மெல்லிய வெட்டுச்சக்கரம் போட்டு ஒரே மூச்சில் அறுத்தேன். ஓரம் நீலமாகி, நீலத்தையும் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போனது. சூட்டில் எஃகின் பதம், அதாவது கடினம், அங்கே போய்விட்டது என்று அப்போது உறைக்கவில்லை. அந்த ஓரத்தில் எத்தனை முறை தீட்டினாலும் ஐந்து நிமிடம்கூடக் கூர்மை நிற்கவில்லை. இரண்டாவது துண்டை இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, தகட்டை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து அறுத்தேன். (தகட்டை மட்டும்தான். கிரைண்டர் தண்ணீருக்கு எட்டத்தில் இருக்கட்டும். கண்ணாடி அணியாமல் சக்கரத்தின் முன் நிற்காதீர்கள்.) 125 மி.மீ. நீளம், 65 மி.மீ. உயரம். நான்கு மூலைகளையும் அரத்தால் கொஞ்சம் உருட்டிவிட்டேன். கூரான மூலை மரத்தில் கோடு கிழிக்கும்.

இனி விளிம்பு. இந்த வேலையின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது.

தகட்டை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கினேன். விளிம்பு அரை அங்குலம் வெளியே தெரிந்தால் போதும். அதற்கு மேல் நீட்டினால் அரம் பட்டதும் கிறீச்சிடும். விளிம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசிக்கொண்டேன். தட்டை அரத்தைத் தகட்டுக்குக் குறுக்காகப் படுக்கவைத்து, இரண்டு கையாலும் இரு நுனிகளைப் பிடித்து, விளிம்பின் நீளவாக்கில் தள்ள வேண்டும். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். மை முழுதும் போகும் வரை தள்ள வேண்டும். பிறகு மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பும் முகமும் (தகட்டின் தட்டையான பக்கம்) 90 பாகையில் சந்திக்க வேண்டும். கை ஒரு பக்கம் சாய்வது எல்லாருக்கும் நடக்கும். நான் ஒரு மரக்கட்டையில் அரத்தின் கனத்துக்குச் சரியாகக் காடி வெட்டி, அரத்தை அதில் செருகி, கட்டை தகட்டின் முகத்தோடு ஒட்டி ஓடும்படி செய்துகொண்டேன். அதன் பிறகு சாய்வுப் பிரச்சினை தீர்ந்தது.

அரம் விட்ட கோடுகள் விளிம்பில் சின்னச் சின்ன வாய்க்கால்களாக நிற்கும். அவற்றை அப்படியே விட்டுப் பிசிறு திருப்பினால், அதாவது விளிம்பைக் கொக்கியாக மடக்கினால், சுரண்டும் மரத்திலும் அந்தக் கோடுகள் எழுதப்படும். அதனால் அடுத்தது தீட்டுக் கல். என்னிடம் இருப்பது இரண்டு பக்கக் கார்பரண்டம் கல். முதலில் சொரசொரப்பான பக்கம், பிறகு நைஸான பக்கம். தகட்டை ஒரு சதுரக் கட்டையோடு சேர்த்துப் பிடித்து, நேராக நிற்கவைத்து, கல்லில் குறுக்குச் சாய்வாக இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் நேராக இழுத்தால் கல்லில் காடி விழும், பிறகு உளி தீட்ட அந்தக் கல் உதவாது. விளிம்பு முடிந்ததும் தகட்டைக் கல்லின் மேல் படுக்கவைத்து இரண்டு முகங்களையும் தேய்க்க வேண்டும். முகம் முழுவதும் வேண்டாம், விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலம் போதும். ரம்பத்தின் பழைய துருப்புள்ளி ஒன்றுகூட அந்த ஒரு விரல் அகலத்தில் இருக்கக்கூடாது. ஒரு புள்ளி இருந்தாலும் அங்கே கொக்கி அறுந்து நிற்கும்.

இதுவரை செய்தது நாம் எல்லாரும் அறிந்த வேலைதான். உளி தீட்டும்போதும் இதைத்தானே செய்கிறோம். தீட்டி முடித்ததும் விளிம்பில் ஒரு பிசிறு நிற்கும். அதைத் தட்டிவிட்டால்தான் கூர்மை என்று கற்றிருக்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். நான்கு விளிம்புகளையும் கண்ணாடி போலத் தேய்த்து, கல் விட்ட பிசிறையெல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டு, வேங்கைப் பலகையில் வைத்து இழுத்தேன். கொஞ்சம் தூள் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அண்ணாச்சியிடம் கொடுத்தேன். விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். "நன்றாக மட்டமாக இருக்கிறது. ஆனால் பிடிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது சார்?" என்றார்.

கல் விட்ட பிசிறு கந்தலானது, அது போகத்தான் வேண்டும். ஆனால் அதன் இடத்தில் நாமே ஒரு பிசிறை உண்டாக்க வேண்டும். சீரான, அறுபடாத, ஒரே பக்கம் திரும்பிய பிசிறு. சுரண்டு தகட்டில் வெட்டுவது அந்தப் பிசிறுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கொக்கி அது. இழைப்புளியின் உளி 45 பாகை சாய்வில் நாருக்கு அடியில் ஆப்பு போலப் புகுந்து தூக்குகிறது. எதிர்த்து வரும் நார் முன்னாலேயே பிளந்து, பரப்புக்குக் கீழே போய் ஒடிகிறது. செதில் பிய்வது அதனால்தான். கொக்கியோ கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது. நாரைத் தூக்க அதற்கு இடமே இல்லை. முட்டிய இடத்திலேயே நாரை மடக்கிச் சுருட்டிவிடுகிறது. அதனால் நார் எந்தப் பக்கம் படுத்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

பிசிறைத் திருப்ப ஒரு கம்பி வேண்டும். தகட்டைவிடக் கடினமாக, உருண்டையாக, கண்ணாடி போல மெருகாக இருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் தண்டில் முயன்றேன். தகடு தண்டையே கீறியது. பிறகு லாரிப் பட்டறை ஒன்றில் கழித்துப்போட்ட எஞ்சின் வால்வு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். உள்ளிழுக்கும் பக்கத்து வால்வு. அதன் தண்டில் அரம் வைத்துத் தள்ளியபோது பிடிக்காமல் வழுக்கிப்போனது. அப்படி வழுக்கினால் எடுத்துக்கொள்ளலாம். தலையை அறுத்துவிட்டு, தண்டை நீரில் தேய்க்கும் 1000, 2000 எண் தாள்களால் தேய்த்து, கடைசியாகப் பித்தளைக்குப் போடும் பாலிஷையும் போட்டேன். பிடி புளியங்கட்டை.

முதலில் தகட்டை மேசை ஓரத்தில் படுக்கவைக்க வேண்டும். கம்பியைத் தகட்டின் முகத்தோடு ஒட்டிப் படுக்கவைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்தாறு முறை அழுத்தி இழுக்க வேண்டும். இதில் எஃகு விளிம்பை நோக்கி வெளியே ததும்பி வருகிறது. மறுமுகத்திலும் அப்படியே. அடுத்து தகட்டை வைஸில் நிமிர்த்தி வைத்து, கம்பியைக் கிடைமட்டமாகப் பிடித்து இரண்டு இழுப்பு. பிறகு கம்பியை ஒரு பக்கமாக 5 பாகை சாய்த்து இரண்டு இழுப்பு, 10 பாகைக்குச் சற்றுக் குறைவாக ஒன்றோ இரண்டோ. மறுபக்கமும் அதேபோல. அவ்வளவுதான்.

5 பாகை என்பதைக் கையால் எப்படி அறிவது என்று கேட்கலாம். 100 மி.மீ. நீளத்துக்கு 9 மி.மீ. இறங்கினால் 5 பாகை. பத்தாம் வகுப்பில் டேன் அட்டவணை கற்றுக்கொடுக்கும்போது இதைச் சொல்லிக் காட்டுகிறேன், பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. நடைமுறையில், தகட்டின் பக்கத்தில் ஓர் அட்டையில் கோடு போட்டு நிறுத்திக்கொண்டால் போதும். நான்கைந்து முறைக்குப் பிறகு மணிக்கட்டே அதைக் கற்றுக்கொள்கிறது.

அழுத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் சொல்வது கடினம். வெண்ணெய் தடவுவதைவிட அதிகம், சப்பாத்தி தேய்ப்பதைவிடக் குறைவு. நான் முதலில் பலத்தைக் காட்டினேன். சாய்வையும் 20 பாகைக்குக் கொண்டுபோனேன். கொக்கி முழுதும் உருண்டு மடிந்துவிட்டது. அப்படி ஆனால் தகட்டைப் பலகையோடு ஒட்டிப் படுக்கவைக்கிற அளவுக்குச் சாய்த்தால்தான் மரத்தைப் பிடிக்கும். அதற்காக மீண்டும் அரத்துக்குப் போக வேண்டியதில்லை. கம்பியை முகத்தோடு படுக்கவைத்து மறுபடி இழுத்தால் கொக்கி நிமிர்ந்துகொள்ளும், திரும்பவும் மென்மையாகத் திருப்பலாம். கொக்கி இருக்கிறதா என்று பார்க்க, விரல் நுனியை முகத்திலிருந்து விளிம்பை நோக்கி வெளியே வழித்துப் பாருங்கள். நுனியில் மெல்லத் தடுக்கும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள், பிளேடு போல அறுக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, நான்காவது முயற்சியில், பலகை மேல் தகட்டை இரு கையாலும் பிடித்தேன். கட்டை விரல்கள் இரண்டும் பின்னால் நடுவில், மற்ற விரல்கள் ஓரங்களில். கட்டை விரலால் மெல்ல வளைத்து, நிமிர்த்திவைத்து, முன்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே தள்ளினேன். ஒரு கோணத்தில் வழுக்குகிறது, வழுக்குகிறது, சட்டென்று பிடிக்கிறது. பிடித்ததும் சத்தம் மாறுகிறது. உரசல் சத்தம் போய், பட்டுத் துணி கிழிவது போல ஒரு நீண்ட ஒலி. விளிம்பின் மேலே சுருள் எழுந்தது. வெற்றிலைக் கடைச் சீவலைவிடப் பல மடங்கு மெல்லியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு சுருளை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள். தூள் எழவில்லை.

முழுப் பலகைக்கும் மூன்று ஞாயிறுகள் ஆயின. வேங்கையின் கடினத்துக்கு ஒரு விளிம்பு பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கியது. ஒரு தகட்டில் நீள விளிம்புகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் கொக்கி, ஆக நான்கு. சுருள் வருவது நின்று தூள் வரத் தொடங்கினால் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது மேலும் அழுத்தித் தள்ளாதீர்கள். மரமும் கெடும், கட்டை விரலும் வெந்துபோகும். தகடு எப்படியும் சூடேறும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் தட்டையான காந்த அட்டை ஒன்றைத் தகட்டின் பின்னால், கட்டை விரல் படும் இடத்தில் ஒட்டிக்கொண்டேன். பெரிய நிம்மதி. மழுங்கிய கொக்கியைக் கம்பியால் மட்டுமே மூன்று நான்கு முறை புதுப்பிக்கலாம். அதன் பிறகு பழைய எஃகு இறுகி விறைத்துவிடுகிறது. அரம், கல், கம்பி என்று முதலிலிருந்து வர வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஓர் எச்சரிக்கை. செதில் பிய்ந்த ஒரே இடத்தை மட்டும் வழித்துக்கொண்டே இருந்தால் அங்கே பள்ளம் விழும். பார்க்கும்போது தெரியாது, எண்ணெய் பூசியதும் வெளிச்சம் அலையாக மடிந்து காட்டிக்கொடுக்கும். சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்து, சாய்வுச் சாய்வாக, விரிவாக வழிக்க வேண்டும். இன்னொன்று, மென்மரத்தில் இதை எதிர்பார்க்காதீர்கள். பைன் மரத்தில் சுரண்டு தகடு நாரை நசுக்கத்தான் செய்கிறது. இது கடின மரத்துக்கான கருவி.

நீலமாகிப்போன முதல் துண்டையும் வீணாக்கவில்லை. கெட்ட ஓரத்தை நீரில் முக்கி முக்கி அறுத்து எறிந்துவிட்டு, மீதியை அரைவட்டமாக ராவினேன். சிரட்டை அகப்பையின் உட்குழிவை வழிக்க அதைவிட நல்ல கருவி நான் கண்டதில்லை. வளைந்த விளிம்பிலும் பிசிறு திருப்பும் முறை அதேதான். கம்பி வளைவோடு சேர்ந்து ஓட வேண்டும், அவ்வளவே.

இங்கே சாரல் தொடங்கிவிட்டால் எஃகை ஒரு வாரம் மறந்தாலே துரு ஏறிவிடும். விளிம்பில் துரு ஏறினால் கொக்கி போயிற்று. தகடுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்றில் வைத்திருக்கிறேன்.

ஊஞ்சலைப் போன வாரம் மாட்டினோம். அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். உட்காரும் முன் குனிந்து பலகையின் மேல் புறங்கையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். எதிர்த்திசையிலும் ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. காபி குடித்து முடித்த பிறகு, "அந்த ரம்பத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதா சார்?" என்று கேட்டார். கைப்பிடிப் பக்கம் இரண்டு துண்டுகளுக்குத் தகடு இருக்கிறது. அவர் விரலில் இப்போது பழைய வலு இல்லை. அவருக்கானதை உயரத்தில் கொஞ்சம் குறைத்து, எளிதாக வளையும்படி வெட்ட வேண்டும். வருகிற ஞாயிறு மழை இல்லையென்றால் அந்த வேலைதான்.